38,500 ரூபாய்க்கு 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 26. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது:

2020 ஊரடங்கு சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருக்கிறார். ரைசன் 5 3600 சிபியு, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், திரையில் படத்தை வரைந்து தரும் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் பவர் சப்ளை. மானிட்டர் 24 அங்குலம், ஃபுல் எச்டி, 75 ஹெர்ட்ஸ். வேலை முடிந்து வந்து நண்பர்களோடு தினமும் ஒரு மணி நேரம் வேலரன்ட் கேம் ஆடுகிறார். ஒரு தள்ளுபடி விற்பனையில் ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’ கேமை ஆசையாக வாங்கி, இரண்டு நாள் டவுன்லோடு செய்து, திறந்தால் ‘உங்கள் கார்டு போதாது’ என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிட்டது. அன்றைக்கே புது கார்டு வாங்குவது என்று முடிவு செய்து, 14 மாதத்தில் 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறார்.

கடையில் மூன்று விலை சொல்லியிருக்கிறார்கள். என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி 38,500 ரூபாய். அதே கார்டு 16 ஜிபி 51,000. ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 41,000. “ஃபுல் எச்டி மானிட்டருக்கு 8 ஜிபி தாராளம். 16 எல்லாம் பேருக்குத்தான். பில் வேண்டாம் என்றால் 3,000 குறைத்துக்கொள்கிறேன்” என்றாராம் கடைக்காரர். 16 ஜிபிதான் வேண்டுமென்றால் நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஒரு நண்பர், ‘ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கிறது, எந்த கார்டானாலும் நொடிக்கு 200 ஃப்ரேம் (படம்) வரும்’ என்கிறார். இன்னொருவர் தன் பழைய ஆர்டிஎக்ஸ் 3070ஐ 19,000க்குத் தருகிறேன் என்கிறார். ஜிடிஏ 6 கேம் வரும்போது எந்த கார்டு தாங்கும் என்ற கவலை வேறு. அப்பாவோ, “விளையாட்டுக்கு நாற்பதாயிரமா?” என்று கேட்டிருக்கிறார். அவரிடம் கணக்கு எழுதும் டாலிக்கும் டிசைன் செய்யும் கோரல்டிராவுக்கும் இது தேவை என்று சொல்லிவிட்டதாகவும், அது உறுத்துவதாகவும் எழுதியிருக்கிறார். கடைசி வரி: “இந்த நடுத்தர கார்டுகள் கொடுக்கிற காசுக்கு உண்மையிலேயே தகுமா சார், இல்லை நான் ஏமாறப் போகிறேனா?”

அன்புள்ள தம்பி,

கொடுக்கிற காசுக்குத் தகுந்த கார்டு இருக்கிறது. ஆனால் கடைக்காரர் உங்கள் கையில் கொடுக்கப் பார்க்கிற கார்டு அது இல்லை. இருபத்திரண்டு வருடமாக கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பதினான்கு மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவருக்கு, 38,500 ரூபாய்க்கு 8 ஜிபி கார்டை என் கையால் எடுத்துக் கொடுக்க மாட்டேன். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த எச்சரிக்கைப் பெட்டி. உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. 2024 டிசம்பரில் வந்த அந்த கேம், ரே ட்ரேசிங் வேலையை, அதாவது வெளிச்சம் எங்கே எப்படிப் படும் என்று கணக்கிடுவதைச் செய்யும் தனிப் பகுதி கார்டுக்குள் இருந்தால்தான் ஓடும். 2019இல் வந்த 1650இல் அந்தப் பகுதியே கிடையாது. செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் பலன் இல்லை. 2025 மே மாதம் வந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ கேமும் அப்படித்தான். இனி வரும் பெரிய கேம்களில் இப்படிக் கேட்பவை கூடிக்கொண்டுதான் போகும். ஆக, கார்டு மாற்ற வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரியான முடிவு.

கட்டிங் மேசையும் குடோனும்

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறீர்கள், அதனால் உங்களுக்குத் தெரிந்த பொருளை வைத்தே சொல்கிறேன். கட்டிங் மாஸ்டர் எவ்வளவு வேகமான ஆளாக இருந்தாலும், துணியை விரிக்க மேசை வேண்டும். மேசை பத்தவில்லை என்றால், வெட்டுகிற கையை நிறுத்திவிட்டு குடோனுக்கு ஆள் அனுப்பி, இந்தத் துணியைக் கொண்டுபோய் வைத்து அந்தத் துணியை எடுத்துவர வேண்டும். கார்டில் இருக்கும் மெமரிதான் அந்த மேசை. கம்ப்யூட்டரின் ரேம்தான் குடோன். 5060 டிஐ வேகமான கட்டிங் மாஸ்டர், அதில் சந்தேகமே வேண்டாம். 8 ஜிபி கார்டிலும் 16 ஜிபி கார்டிலும் இருப்பது ஒரே சிப்தான். மேசையின் அளவு மட்டும்தான் பாதி.

ஃபுல் எச்டிக்கு 8 ஜிபி தாராளம் என்பது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டு 2016இல் 8 ஜிபியோடு 239 டாலருக்கு வந்தது. ஒன்பது வருடம் கழித்து, 2025 ஏப்ரலில், அதே 8 ஜிபியோடு 5060 டிஐ 379 டாலருக்கு வந்திருக்கிறது. இடையில் 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி இருந்தது. அதற்கு அடுத்து 2023இல் வந்த 4060இல் 8 ஜிபியாகக் குறைத்தார்கள். பெயரில் எண் ஏறினால் எல்லாமே ஏறியிருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை தம்பி. ‘60’ என்பது கார்டின் தரத்தைச் சொல்லும் எண் அல்ல, கம்பெனி வைக்கிற பெயர், அவ்வளவுதான்.

கேம்களோ நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2023 மார்ச்சில் ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ கம்ப்யூட்டருக்கு வந்தபோதே 8 ஜிபி கார்டுகள் திணறின. அப்புறம் அப்டேட் வந்து ஓரளவு சரியானது. நீங்கள் ஆடத் துடிக்கிற இண்டியானா ஜோன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டெக்ஸ்சர் பூல் என்று ஒரு செட்டிங் உண்டு; பொருள்களின் மேற்பரப்புப் படங்களுக்கு கார்டு மெமரியில் எவ்வளவு ஒதுக்குவது என்று சொல்வது. 8 ஜிபி கார்டில் அதைக் கீழே இறக்கி வைத்துத்தான் ஆட முடியும். மேலே ஏற்றினால் ஓட்டம் படுத்துவிடும். 5060 டிஐ வந்த சமயத்தில் என்விடியா கம்பெனி 16 ஜிபி வகையை விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது, 8 ஜிபி வகையைக் கொடுக்கவில்லை. பிறகு அவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதித்தார்கள். எந்த வகையை மறைக்க நினைத்தார்கள் என்பதிலிருந்தே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மேசைக்கும் குடோனுக்கும் நடுவே இருக்கும் நடைபாதைக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். 5060 டிஐ அந்தப் பாதையில் எட்டுத் தடங்களை மட்டும் பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 5 உள்ள புது மதர்போர்டில் ஒவ்வொரு தடமும் வேகமானது என்பதால் எட்டே போதும். உங்கள் பி450 பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3. கார்டு எதிர்பார்க்கும் வேகத்தில் அங்கே கால்பங்குதான் கிடைக்கும். மேசை நிரம்பாத வரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழிந்தால், குறுகிய பாதையில் ஒவ்வொரு முறையும் குடோனுக்குப் போய்வர வேண்டும். திரையில் சட்டென்று அரை நொடி உறைந்து, பிறகு ஓடும். சராசரி ஃப்ரேம் கணக்கில் இது தெரியாது. ஆடுகிறவருக்குத்தான் தெரியும். 9060 எக்ஸ்டி பதினாறு தடங்களையும் பயன்படுத்துகிறது, மேசையும் 16 ஜிபி. பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் அதிகம் இருக்கும் நம் ஊரில், இந்த ஒரு விவரத்தைக் கடையில் யாரும் சொல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

200 ஃப்ரேம் என்ற பேச்சு

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். ஃப்ரேம் ஜெனரேஷன் என்பது, கார்டு உண்மையில் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே கணித்து உருவாக்கிய படங்களைச் செருகுவது. 50 வரிசை ஆர்டிஎக்ஸ் கார்டுகள் 2025இல் வந்தபோது வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரை செருக முடிந்தது. 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு, முந்தைய வரிசையின் உச்ச கார்டான 4090க்கு நிகராக ஓடும் என்று மேடையில் சொன்னாரே, அது இந்தச் செருகலைச் சேர்த்த கணக்கு.

செருகிய படங்களால் கண்ணுக்கு ஓட்டம் வழவழப்பாகத் தெரியும். கை அசைவுக்கு வரும் பதில் மட்டும் வேகமாகாது, சற்றுத் தாமதமாகவே செய்யும். செருகாமலே 60 ஃப்ரேம் வந்தால் அதன் மேல் இதைப் போடுவது நன்றாக இருக்கும். 25 ஃப்ரேம் வரும் இடத்தில் போட்டு 100 ஆக்கினால், பார்க்க 100, ஆட 25. இந்தச் செருகலுக்கும் மெமரி வேண்டும் என்பதால் 8 ஜிபி கார்டில்தான் முதலில் மூச்சு வாங்கும்.

உங்கள் மேசையில் இருப்பது 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். அது ஒரு நொடிக்கு 75 படம்தான் காட்டும். 200 ஃப்ரேம் வந்தாலும் நீங்கள் பார்க்கப் போவது 75. வேலரன்டுக்கும் இதே கதை. அது எளிய கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்று செய்யப்பட்ட கேம். உங்கள் 1650லேயே அந்த மானிட்டர் காட்டுகிற அளவுக்கு மேல் வந்துகொண்டிருக்கும். எந்த கார்டு வாங்கினாலும் வேலரன்டில் நீங்கள் எதிர்பார்க்கிற மாற்றம் தெரியாது. அது ஒன்றுதான் உங்கள் உலகம் என்றால், கார்டை விட்டுவிட்டு நல்ல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குங்கள் என்று சொல்லி இந்தப் பதிலை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் கடிதத்தில் நீங்கள் அதிக இடம் கொடுத்திருப்பது ஆடக் கிடைக்காத அந்த ஒரு கேமுக்கு. அதனால் கார்டுதான் முதலில். மானிட்டர் இன்னொரு வருடம் காத்திருக்கட்டும்.

பக்கக் கதவைத் திறந்து பாருங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி ‘450 வாட் பவர் சப்ளை’. எந்த கம்பெனி என்று எழுதவில்லை. நீங்கள் வைத்திருக்கும் 1650இல் பெரும்பாலும் தனி மின் ஒயர் கிடையாது, மதர்போர்டு தரும் 75 வாட்டிலேயே ஓடிவிடும். அதனால் ஆறு வருடமாக பவர் சப்ளையின் உண்மையான பலம் சோதிக்கப்படவே இல்லை. புது கார்டுகள் அப்படி அல்ல. 5060 டிஐ 180 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட் வரை இழுக்கும். பவர் சப்ளையிலிருந்து நேராக, பெரும்பாலும் எட்டு முனை ஒயர் கேட்கும்.

கம்ப்யூட்டரை அணைத்து, சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கக் கதவைக் கழற்றுங்கள். பவர் சப்ளையின் பக்கவாட்டில் கட்டம் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் 450ஐ விட்டுவிடுங்கள். ‘+12V’ என்று போட்ட கட்டத்தின் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால், 12ஐ 18ஆல் பெருக்குங்கள், 216 வாட். கார்டும் சிபியுவும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 216 வாட்டில் ஒரு 160 வாட் கார்டையும் 65 வாட் சிபியுவையும் உட்கார வைக்க முடியாது. கட்டத்தில் 35ஐ ஒட்டி இருந்தால் பயமில்லை. விலை குறைந்த பவர் சப்ளைகளில் 450 என்று எழுதி உள்ளே பாதிகூட இல்லாததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் மொத்தமும் அணைந்துவிடும். சில சமயம் போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். நல்ல கம்பெனியின் 550 வாட் பவர் சப்ளை நாலாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். இந்தச் செலவை கார்டு விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கதவைத் திறக்கும்போதே சிபியு விசிறிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். திருப்பூரிலிருந்து என்னிடம் வருகிற கம்ப்யூட்டர்களை நான் தனியாக அடையாளம் கண்டுவிடுவேன். பஞ்சுத் தூசி ஹீட் சிங்கின் இடுக்கெல்லாம் படிந்து, கம்பளித் துணிபோல ஒரே தகடாக உரிந்து வரும். நீங்களே துணிக்கு நடுவில் வேலை செய்துவிட்டு வருகிறவர். பிரஷ்ஷால் அதை எடுத்துவிட்டால், கார்டு மாற்றும் முன்பே கம்ப்யூட்டர் சத்தம் குறையும். புது கார்டின் விசிறிக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

சிபியுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3600 உங்கள் புது கார்டை முழுதாக ஓடவிடாது; சில கேம்களில் கார்டு சும்மா காத்திருக்கும். அதற்காக இப்போதே கலங்க வேண்டாம். மதர்போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்துவிட்டு, அதே பி450 மதர்போர்டில் ரைசன் 5 5600 போடலாம். ரேமும் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இன்டெலின் ஆர்க் பி580 கார்டை உங்களுக்கு நான் சொல்லாததற்கும் இந்தச் சிபியுதான் காரணம். 12 ஜிபி, 249 டாலர் என்று அது நல்ல விலைக்குத்தான் வந்தது. ஆனால் பழைய சிபியுக்களோடு சேரும்போது அதன் வேகம் நன்றாகவே குறைகிறது.

பில் இல்லாமல் மூவாயிரம் குறைவு

இதை மட்டும் செய்யாதீர்கள். அமெரிக்க டாலர் விலையில் வரி சேராது. நம் ஊரில் கார்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பில் வேண்டாம் என்கிறபோது கடைக்காரர் விட்டுக்கொடுப்பது தன் லாபத்தை அல்ல, அரசுக்குப் போக வேண்டிய வரியில் ஒரு பகுதியை. நீங்கள் விட்டுக்கொடுப்பது மொத்த வாரண்டியை. இந்த வகை கார்டுகளுக்கு இங்கே பெரும்பாலும் மூன்று வருட வாரண்டி. கார்டின் சீரியல் எண் அந்த பில்லில் இருந்தால்தான் சர்வீஸ் சென்டரில் பேச்சு எடுபடும்.

எங்கள் வீட்டிலேயே பட்டிருக்கிறோம். என் அக்கா மகனுக்கு நான் ஊரில் இல்லாத நேரத்தில் பில் இல்லாமல் ஒரு கார்டு வாங்கிவிட்டார்கள். ஏழாவது மாதம் திரையில் பச்சைக் கோடு விழுந்தது. சர்வீஸ் சென்டரில் பில் கேட்டார்கள். கடைக்குப் போனால், “இங்கேதான் வாங்கினீங்கன்னு என்ன அத்தாட்சி?” என்று கேட்டுவிட்டார்கள். அப்போது மிச்சம் பிடித்தது 1,500 ரூபாய். போனது முழு கார்டு. அந்தப் பையன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை வந்த இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதல் காகிதம் பில்தான். அதில் உங்கள் பெயர், முழு மாடல் பெயர், சீரியல் எண் மூன்றும் இருக்கட்டும். 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் பெயர் ஒன்றே என்பதால், பெட்டியின் மூலையில் போட்டிருக்கும் ஜிபி எண்ணைப் பார்த்து அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது சீல் தெரியும்படி ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

நண்பரின் 3070 பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல வேகமுள்ள கார்டு, ஆனால் அதுவும் 8 ஜிபிதான், 220 வாட் வேறு. 2020 அக்டோபரில் வந்த மாடல், வாரண்டி முடிந்திருக்கும். 2022 செப்டம்பர் வரை எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைச் சம்பாதிக்கும் மைனிங்கில் இந்த கார்டுகள் இரவு பகலாக ஓடின. நண்பரே முதல் ஆளாக வாங்கியதா, அவரும் கைமாற்றாக வாங்கியதா என்று கேளுங்கள். எனக்கு மனசு வரவில்லை. பழையதுதான் வேண்டும் என்றால், 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல நிலையில் 20,000க்குள் கிடைத்தால் அதைச் சொல்வேன். வேகம் குறைவு, ஆனால் ஃபுல் எச்டியில் இண்டியானா ஜோன்ஸ் ஆடலாம். உங்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டு ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்து, திரையில் புள்ளியோ கோடோ இல்லை என்றால் மட்டும் காசு கொடுங்கள்.

ஜிடிஏ 6க்காக எதையும் இப்போது வாங்காதீர்கள். 2026 நவம்பர் 19 என்று கேம் தயாரிப்பாளர்கள் அறிவித்த தேதி பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கும்தான். கம்ப்யூட்டரைப் பற்றி அந்த அறிவிப்பில் பேச்சே இல்லை. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது. கம்ப்யூட்டருக்கு வர 2015 ஏப்ரல் ஆனது. வராத விருந்தாளிக்கு இன்றைக்கே இலை போட வேண்டாம்.

அப்படியானால் விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா? வேறு சமயமாக இருந்தால் ஆமாம் என்றிருப்பேன். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப்புகளை ஏஐ சர்வர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. ரேம் விலை எங்கோ போய்விட்டது. மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில், வீட்டு உபயோகத்துக்கான குரூஷியல் ரேம் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. கார்டில் இருக்கும் மெமரியையும் அதே கம்பெனிகள்தான் செய்கின்றன. அதனால் ஒரு வருடம் பொறுத்தால் நிச்சயம் குறையும் என்று என்னால் உறுதி தர முடியாது.

என் முடிவைச் சொல்கிறேன். 9060 எக்ஸ்டி 16 ஜிபி, ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு தேவைப்பட்டால் 550 வாட் பவர் சப்ளை. மொத்தம் 45,000 ஆகும். உங்களிடம் 40,000 இருக்கிறது. இதுவரை சேர்த்த வேகத்தில் இன்னும் இரண்டு மாதம். அந்த ஐயாயிரத்துக்காக இஎம்ஐ போட வேண்டாம். நோ காஸ்ட் என்று சொன்னாலும் பிராசசிங் கட்டணமும் வட்டிப் பகுதியின் மேல் ஜிஎஸ்டியும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் தனியாக வந்து நிற்கும். இரண்டு மாதத்தில் கார்டு விலை 44,000ஐத் தாண்டிவிட்டால் பின்னால் ஓடாதீர்கள், 3060 பக்கம் போய்விடுங்கள். சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டி ஃப்ரேமைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இருக்கும் கேம்கள் அதிகம், அது உண்மை. அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4ம் நன்றாகவே வந்திருக்கிறது. பிளெண்டரில் 3டி வேலை செய்து சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 51,000 ரூபாய் 5060 டிஐ 16 ஜிபிக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

பழைய 1650ஐ விற்று பவர் சப்ளை வாங்கிவிடலாம் என்று தோன்றும். விற்காதீர்கள். உங்கள் 3600 சிபியுவுக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. புது கார்டு வாரண்டிக்குப் போய் மூன்று வாரம் வராவிட்டால், 1650 இல்லாமல் திரையில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பேப்பரில் சுற்றி அலமாரியில் வையுங்கள்.

அப்பா விஷயம். டாலிக்கு இந்த கார்டு வேண்டியதே இல்லை, கோரல்டிராவுக்கும் இப்போதிருப்பதே போதும். ஒருநாள் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரை அவர் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. ‘விளையாடத்தான் அப்பா வாங்குகிறேன், கடன் இல்லை, பதினான்கு மாதம் சேர்த்த பணம், வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாய் குறையாது’ என்று சொல்லுங்கள். சம்பாதிக்கிற பிள்ளை தன் மிச்சப் பணத்தில் தனக்குப் பிடித்ததை வாங்குவது தப்பே இல்லை. வாங்கிப் பொருத்திய அன்றைக்கு அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு அரைமணி நேரம் அந்த கேமைக் காட்டுங்கள்.

பவர் சப்ளை ஸ்டிக்கரைத் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்த 12 வோல்ட் கட்டத்தைப் பார்த்துவிட்டு, இருப்பதே போதுமா, புதிது வேண்டுமா என்று சொல்கிறேன். அதுவரை கடையில் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.